ஒற்றும் ஒற்றாடலும்

சுளுக்கிய காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறோம். கோயில் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மதுரை, திருச்சிப் பக்கம் ‘வீடு ஒத்திக்கு விடப்படும்’ என்று பலகை மாட்டுகிறார்கள். பத்திரத்தில் அது ‘ஒற்றி’ ஆகிவிடும். இலக்கண வகுப்பில் மெய்யெழுத்துக்கு ஒற்று என்று பெயர். இத்தனைக்கும் அடியில் கிடப்பது ‘ஒற்று’ என்ற ஒரே வினைச்சொல். தேய்க்காமல், அழுத்திப் பிசையாமல், மெல்லப் பட்டு எடுப்பதை அது குறிக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இதே சொல்லுக்கு வேவு பார்த்தல் என்ற பொருளையும் தருகிறது.

தொட்டு எடுப்பதற்கும் வேவு பார்ப்பதற்கும் என்ன உறவு? எழுதிய மை காயுமுன் அதன் மேல் ஒற்றுத்தாளை வைத்து எடுத்தால், எழுத்து இருந்தபடியே இருக்கும். தாளில் அதன் சாயல் ஏறியிருக்கும். பகைநாட்டுக்குள் போகிறவன் செய்ய வேண்டியதும் இதுதான் என்பதால் இந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘உளவு’ என்ற சொல்லில் இல்லாத நயம் இதில் இருக்கிறது. உளவு, உள்ளே இருப்பதைச் சொல்கிறது. ஒற்று, அதை எடுக்கும் கைப்பக்குவத்தைச் சொல்கிறது.

சொல்லின் பழைய இருப்பிடம் மாட்டுத் தொழுவத்தின் பக்கம். தொல்காப்பியம் புறத்திணையியலில், பகைவர் நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சித்திணை. புறப்படும் படையின் ஆரவாரம், ஊர்ப்புறத்தில் நற்சொல் கேட்டல், யாரும் அறியாதபடி போதல் என்று வரிசையாகத் துறைகள் வருகின்றன. அதற்கடுத்த துறையில் ஒற்றும் வேயும் சேர்ந்து நிற்கின்றன. ஒற்றினால் கிடைப்பது வேய். நிரை எங்கே மேய்கிறது, காவலுக்கு எத்தனை பேர், எந்தப் பக்கம் வளைக்கலாம் என்ற செய்தி கைக்கு வந்த பிறகுதான் படை ஊரைச் சுற்றித் தங்குகிறது. செயலுக்கு ஒரு சொல், அதன் விளைச்சலுக்கு வேறொரு சொல். இந்தப் பிரிவினை பின்னால் மங்கிவிட்டது. வேய் ‘வேவு’ ஆகி, அதுவும் செயலையே குறிக்கத் தொடங்கியது.

சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் ஓர் அருமையான இடம் உண்டு. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுக்க இமயத்துக்குக் கிளம்பப் போகிறான். வில்லவன் கோதை என்னும் அமைச்சன், வடநாட்டு மன்னர்களுக்கு இலச்சினை பொறித்த ஓலை அனுப்பலாம் என்கிறான். அழும்பில்வேள் மறுக்கிறான். ஓலையே வேண்டாம், இந்த நாவலந்தீவு முழுவதிலிருந்தும் வந்த பகை அரசர்களின் ஒற்றர்கள் நம் வஞ்சியின் வாசலைவிட்டு நகர்வதில்லை; இங்கே பறையறைந்தால் போதும், அவரவர் மன்னர் காதுக்கு அவர்களே கொண்டு போய்ச் சேர்ப்பார்கள் என்பது அவன் வாதம். அப்படியே பறையறையச் செய்கிறார்கள். அழும்பில்வேள் பேச்சில் ஒற்றர்களைப் பற்றி வியப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. தலைநகரம் என்றால் பிறநாட்டு ஒற்று இருக்கும் என்பது அவனுக்குச் சாதாரணச் செய்தி. கம்பராமாயணத்திலும் ‘ஒற்றுக் கேள்விப் படலம்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. குரங்கு வேடத்தில் பாசறைக்குள் வந்த இராவணனின் ஒற்றர்களை வீடணன் அடையாளம் காட்ட, இராமன் அவர்களிடமே செய்தி சொல்லித் திருப்பி அனுப்புகிறான்.

எல்லாரும் அழும்பில்வேள் போல நிதானமாக இருக்கவில்லை. புறநானூற்றின் 47ஆம் பாட்டுக்குப் பின்னால் ஒரு கொடுமை இருக்கிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை, ‘ஒற்று வந்தான்’ என்று சொல்லிக் கொல்லப் பார்க்கிறான் நெடுங்கிள்ளி. இரு கிள்ளிகளுக்கும் பகை. பகைவன் ஊரிலிருந்து வந்தான் என்ற ஒன்றே சான்று. கோவூர்கிழார் குறுக்கே வந்து, பரிசில் தேடி ஊர் ஊராகப் போகும் புலவர் வாழ்க்கை பிறருக்குத் தீங்கு நினைக்காதது என்று பாடி அவனைக் காப்பாற்றுகிறார். பாட்டின் அடிக்குறிப்பு சொல்லும் நிகழ்ச்சி இது. அரசனிடம் இருந்தது ஒரு செய்தி. அதைச் சரிபார்க்க இரண்டாவது வழி இல்லை. கோவூர்கிழார் வராமல் இருந்திருந்தால் ஒரு புலவனின் தலை போயிருக்கும்.

அந்த இரண்டாவது வழிக்குத்தான் வள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதினார். திருக்குறளின் 59ஆவது அதிகாரத்தின் பெயர் ‘ஒற்று’ இல்லை, ‘ஒற்றாடல்’. ஒற்றரை ஆளுதல் என்று பரிமேலழகர் பொருள் சொல்கிறார். பத்துக் குறளையும் வரிசையாகப் படித்தால், பாதிக்கு மேல் ஒற்றனைப் பற்றிப் பேசவில்லை, அவனை வைத்திருப்பவனைப் பற்றிப் பேசுகின்றன என்பது தெரியும். ஐயம் எழாத தோற்றம், முறைத்துப் பார்த்தாலும் அஞ்சாமை, துறவி வேடம், என்ன செய்தாலும் வாய் திறக்காமை, இவை ஒற்றனுக்கு வேண்டியவை. மற்றவை அரசனுக்கு: தினமும் நடப்பதை விரைந்து அறி, பகைவரை மட்டும் பார்க்காதே, உன் சுற்றத்தையும் உன் அலுவலரையும் பார், வந்த செய்தியின் பொருளை உணராவிட்டால் வெற்றி இல்லை, ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் நீயே இரகசியத்தை வெளியிட்டவன் ஆவாய்.

588, 589 ஆகிய இரண்டு குறள்களும் இந்த அதிகாரத்தின் நெஞ்சு. முதலாவதில் ‘ஒற்று’ என்ற வேர் பெயராகவும் வினையாகவும் மாறி மாறி வருகிறது: ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை விட்டு ஒற்றிப் பார். இரண்டாவது இன்னும் கடுமையானது. ஒருவனை ஒருவன் அறியாதபடி ஒற்றர்களை ஆள வேண்டும். அப்படி மூன்று பேர் சொன்னது ஒன்றாய்த் தொகுந்தால் நம்பலாம். அறியாதபடி வைத்திருப்பது கீழே. தொகுப்பது மேலே. மூன்று சொல்லும் ஒரே காதில் விழ வேண்டும். இல்லையென்றால் அவை பொருந்துகின்றனவா, முரண்படுகின்றனவா என்று எவருக்கும் தெரியாது. ஒருங்கிணைப்பு என்று இன்று நாம் நீட்டிச் சொல்வது ‘தொக்க’ என்ற மூன்றெழுத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் மூவர் சொல் ஒத்தால் நம்பு என்கிறது, ஒருவரையொருவர் அறியாமல் வை என்கிறது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் கண்ணில் படுகிறது. திரும்பத் திரும்ப முரணான செய்தி தரும் ஒற்றர்களுக்குக் கமுக்கமாகத் தண்டனை கொடுக்கச் சொல்கிறார் கௌடில்யர். வள்ளுவர் தண்டனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருக்குச் செய்தியின் மேல்தான் கண்.

பின்னால் வந்த சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ‘துப்பு’ பழந்தமிழில் வலிமை. ‘துப்புக் கெட்டவன்’ என்ற வசையில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தடயம் என்ற பொருளை அது பிடித்துக்கொண்ட பின், ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி அய்யங்காரும் துப்பறியும் நாவல்களால் அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார்கள். ‘சாரணர்’ ஒரு காலத்தில் ஒற்றரையும் குறித்தது; இன்று பள்ளி மைதானத்தில் கழுத்துக்குட்டையோடு நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் சி.ஐ.டி. என்ற மூன்றெழுத்து எல்லாச் சொல்லையும் ஓரம் தள்ளியது. இப்போது தமிழ்நாட்டுக் காவல்துறையில் ‘நுண்ணறிவுப் பிரிவு’ என்கிறார்கள். இலங்கைத் தமிழில் இராணுவ உளவு ‘புலனாய்வு’. தமிழ்நாட்டில் அதே சொல் குற்ற வழக்கு விசாரணையைக் குறிக்கும். நாளிதழ்த் தமிழில் எஞ்சியது ‘உளவுத்துறை’. டெல்லியின் எந்த அமைப்பாக இருந்தாலும், எந்த வேலையாக இருந்தாலும், அந்த ஒரு சொல்தான்.

‘ஒற்றர்’ சரித்திர நாவல்களுக்குள் பத்திரமாக இருக்கிறார். காணாமல் போனது ஒற்றாடல். செய்தி எடுப்பவனையும் எடுக்கும் வேலையையும் சொல்ல நமக்கு நான்கைந்து சொற்கள் இருக்கின்றன. எடுத்தவற்றை ஓரிடத்தில் கொட்டி, ஒன்றோடொன்று உரசி, இதுதான் நிலவரம் என்று ஆள்பவனுக்குச் சொல்லும் வேலைக்கு வழக்கில் ஒரு சொல்லும் இல்லை.

அந்த வேலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1999இன் கார்கில் போர் இருக்கிறது. இந்தியாவின் உளவுப் பணியகம் 1887இல் பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கியது. விடுதலைக்குப் பின்னும் உள்நாடு, வெளிநாடு இரண்டையும் அதுவே பார்த்தது. 1962இல் சீனப் போரும் 1965இல் பாகிஸ்தான் போரும் நடந்து முடிந்த பிறகு, வெளிநாட்டு வேலையைத் தனியாகப் பிரித்து 1968இல் ‘ரா’ உருவானது. ராமேஷ்வர் நாத் காவ் அதன் முதல் தலைவர். இராணுவத்துக்குத் தனி உளவுப் பிரிவு இருந்தது. ஒருவர் வேலையை ஒருவர் அறியாதபடி மூவரை வைப்பது நடந்துவிட்டது. மூவர் சொல்லையும் தொகுக்கக் கூட்டு உளவுக் குழு என்ற ஒன்றும் இருந்தது.

கார்கில் போர் முடிந்த மூன்றாம் நாள், 1999 ஜூலை 29 அன்று, அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். எழுபதுகளில் அதே கூட்டு உளவுக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் என்பதால், எங்கே தோண்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் ஒரு கடிதத்தைப் பற்றிய பகுதியை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

1998 ஜூன் 2. கார்கிலுக்கு எதிர்ப்புறம், எல்லைக்கோட்டுக்கு அப்பால், வழக்கத்துக்கு மாறான நடமாட்டம் பற்றி உளவுப் பணியகத்துக்குத் தகவல் வருகிறது. முக்கியமானது என்று கருதி, அதன் இயக்குநர் தானே கையெழுத்திட்டு அனுப்புகிறார். யாருக்கு? பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலர், உள்துறைச் செயலர், இராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர். ஐந்து பேர். நாட்டின் மிகப் பெரிய நாற்காலிகள். அந்தத் தகவலை வைத்து உண்மையில் வேலை செய்ய வேண்டிய மூவர் பட்டியலில் இல்லை: ரா அமைப்பின் செயலர், கூட்டு உளவுக் குழுத் தலைவர், இராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநர். மேலே போனது படிப்படியாகக் கீழே இறங்கிவிடும் என்று எதிர்பார்த்ததாக இயக்குநர் விளக்கம் சொன்னார். ரா செயலரிடம் அது வந்து சேரவில்லை என்று குழு பதிவு செய்தது. நேரடியாகவே அனுப்பியிருக்க வேண்டும் என்றும் சொன்னது.

அதைவிடப் பெரிய அவலம், தொகுக்க வேண்டிய நாற்காலி காலியாகக் கிடந்தது. கூட்டு உளவுக் குழுத் தலைவர் பதவி 1998 டிசம்பர் வரை 18 மாதம் நிரப்பப்படவில்லை. ரா செயலரே அதைக் கூடுதலாகக் கவனித்தார். செய்தி எடுப்பவரே அதைச் சரிபார்ப்பவராகவும் இருந்தார் என்று பொருள். அந்தக் குழுவின் கூட்டங்களுக்கு அமைப்புகள் இளநிலை அலுவலர்களை அனுப்பிவைத்தன. எதிர்ப்புறம் எந்தப் பட்டாலியன்கள் வந்தன, எவை போயின என்ற சரியான விவரம் கையில் இல்லாததை அறிக்கை மிகக் கடுமையான குறையாகச் சொல்கிறது. எடுப்பதிலும் ஓட்டை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் எடுத்த அரைகுறைத் துண்டுகளைக்கூட ஒரே மேசையில் பரப்பிப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

கடைசியில், ஊடுருவல் நடந்திருப்பதை 1999 மே 3 அன்று கண்டு சொன்னவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். அங்கிருந்த படைப்பிரிவு முன்பகுதித் தகவலுக்காக அவ்வப்போது பயன்படுத்தி வந்த மேய்ப்பர்கள் அவர்கள். வெட்சித்திணையின் வேய், அதன் பழைய வடிவிலேயே, பனிமலையில் வேலை செய்தது. டெல்லியில் இருந்த ஒற்றாடல் வேலை செய்யவில்லை.

அறிக்கைக்குப் பிறகு அமைச்சர்கள் குழு ஒன்று 2001இல் பரிந்துரைகள் தந்தது. முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை 2002இல் வந்தது. தொழில்நுட்ப வழியில் தகவல் எடுக்கத் தனி அமைப்பும், எல்லா முகமைகளின் தகவலையும் ஓரிடத்தில் கொண்டுவரும் மையமும் உருவாயின. அந்த மையத்துக்கு முழு வேகம் வர 2008 மும்பைத் தாக்குதல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் முன்பே, ஏப்ரல் 4 அன்று, இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கொழும்புக்குப் போயிருந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அந்தத் தகவல் எந்த மேசையில் நின்றது என்ற கேள்விதான் எஞ்சியது.

கார்கில், ஈஸ்டர் ஆகிய இரண்டு சம்பவத்துக்கும் நம் நாளிதழ்கள் ஒரே தலைப்பைத்தான் போட்டன: உளவுத்துறை தோல்வி. செய்தி கிடைக்காத தோல்வியும், கிடைத்த செய்தி போய்ச் சேராத தோல்வியும் அந்தத் தலைப்பில் ஒன்றாகிவிடுகின்றன. முதலாவதற்குப் பொறுப்பு களத்தில் இருப்பவன். இரண்டாவதற்குப் பொறுப்பு நாற்காலியில் இருப்பவர். ஒற்றாடல் என்ற சொல்லைப் பத்திரிகை மொழிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்பது பழம்பெருமைக்காக இல்லை. ‘ஒற்றாடலில் தவறு’ என்று ஒரு தலைப்பு வந்தால், 18 மாதம் நாற்காலியைக் காலியாக விட்டவர் யார் என்று படிக்கிறவர் அன்றைக்கே கேட்பார்.