நடைவண்டிக் காலும் வால்போல் துரையும்

மக்களே, ஒரு மாசமா இந்தப் பக்கம் வரமுடியல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்ல மாட்டேன். ஆணி எப்பவும் போலத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கடைஞ்சிட்டு இருந்தேன். கீரை இல்லீங்க, மரம்.

விஷயம் இதுதான். அக்கா பையனுக்கு 10 மாசம் முடிஞ்சிருச்சு. ஆண்டு நிறைவுக்கு நந்தனம் வீட்டுக்கு வர்றாங்க. "உங்க ரெண்டு பேரையும் நடக்க வெச்ச வண்டிடா, எடுத்துத் துடைச்சு வை"ன்னு அம்மா சொல்ல, பரண்ல இருந்து நடைவண்டியை இறக்கினேன். தாத்தா அம்பாசமுத்திரத்துல வாங்கினது. முதல்ல அம்மா நடந்தாங்க, அப்புறம் அக்கா, அப்புறம் நான். மூணு சக்கரமும் ஜம்முன்னு இருக்கு. ஆனா கைப்பிடியைத் தாங்கற ரெண்டு கடைசல் கால்ல ஒண்ணைக் காணோம். எந்த வீடு மாத்தும்போது தொலைஞ்சதோ!

நான்தான் இஞ்சினியர் ஆச்சே, சும்மா இருப்பேனா? முதல் வருஷ ஒர்க்‌ஷாப்ல லேத் ஓட்டியிருக்கேன். இரும்புக் கம்பியில டேப்பர் டர்னிங், நர்லிங் எல்லாம் பண்ணி கையெழுத்து வாங்கின ரெக்கார்டு நோட்டு இன்னும் இருக்கு. போன வருஷம் வாங்கின சின்ன மர லேத் ஒண்ணு பால்கனியில தூங்குது. டிசைன்தானே வேணும், இணையத்துல தேடினேன். 'கிளாசிக்' கால், 'ஜேகோபியன்' கால், முறுக்கிவிட்ட மாதிரி ஒரு 'பார்லி ட்விஸ்ட்' கால்னு ஆயிரம் படம் வந்து கொட்டிச்சு. அதுல ஒண்ணைப் பார்த்து, பழைய ஜன்னல் சட்டத்துத் தேக்குல ரெண்டு ராத்திரி உட்கார்ந்து கடைஞ்சேன். கீழ் வீட்டுக்காரர் ரெண்டு தடவை மேல வந்து பார்த்துட்டுப் போனார்.

அம்மா கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "நல்லாத்தான் இருக்கு. ஆனா மெழுகுவத்தி ஸ்டாண்டு மாதிரி இருக்கேடா."

பக்கத்துல வெச்சுப் பார்த்தா அவங்க சொன்னது சரி. அளவு மில்லிமீட்டர் சுத்தமா சரி. ஆள்தான் வேற ஆள்.

மறுநாள் மிச்சமிருந்த காலை எடுத்துக்கிட்டு மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். 70 வயசுக்கு மேல இருக்கும் பெரியவருக்கு. மாதிரிக்கு ஒரு படம் வரைஞ்சு தர முடியுமா ஐயான்னு கேட்டேன். சிரிச்சார். "படம் எதுக்கு தம்பி? இதோ பாரு"ன்னு காலோட அடியில கட்டைவிரலை வெச்சு மேல நோக்கி நகர்த்திக்கிட்டே சொன்னார்: "மணி, வளையம், குடம், கழுத்து, வளையம், மொட்டு. அவ்வளவுதான். மனசுல சொல்லிக்கிட்டே கடை, தானா வரும்."

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்தது. நான் படத்தைக் காப்பி பேஸ்ட் பண்ணிட்டு இருந்தேன். அவர் கையில இருந்தது லைப்ரரி. ஆறு ஃபங்ஷனை வரிசையாக் கூப்பிட்டா ஒரு கால். வரிசையை மாத்தினா தொட்டில் கம்பி, இன்னும் மாத்தினா கட்டில் கால். இந்தப் பேரெல்லாம் எங்கிருந்து வந்ததுன்னு தோண்டப் போயித்தான் ஒரு மாசம் காணாமப் போனேன்.

முதல்ல 'கடைசல்'ங்கற சொல்லையே எடுத்துக்குவோம். தமிழ்ல மோர் கடையறதும் கடைதல்தான், மரம் கடையறதும் கடைதல்தான். காரணம் பழைய கடைசல் யந்திரம். மரத்தை ரெண்டு முனைக்கு நடுவுல நிறுத்தி, கயிறைச் சுத்தி, ஒருத்தர் மாத்தி மாத்தி இழுப்பார். மரம் முன்னும் பின்னுமாச் சுத்தும். இன்னொருத்தர் உளி பிடிப்பார். மரம் தன் பக்கம் சுத்தி வரும்போது மட்டும்தான் உளி வெட்டும், எதிர்ப்பக்கம் சுத்தும்போது லேசா விலக்கிக்கணும். மத்துல கயிறு போட்டு மோர் கடையறதைப் படுக்க வெச்சுப் பாருங்க, அதேதான். எகிப்துல பெட்டோசிரிஸ் என்கிற பூசாரியோட கல்லறையில, கி.மு. 300 வாக்குல செதுக்கின சிற்பத்துல இதே காட்சி இருக்கு. ஒருத்தர் வாரை இழுக்க இன்னொருத்தர் உளி பிடிக்கிறார். கடைசல் யந்திரத்துக்கு நமக்குக் கிடைச்சிருக்கற மிகப் பழைய படம் அது.

அடுத்து அந்தக் குடம். கோவில் தூணை ஸ்தபதிகள் எப்படிப் பிரிச்சுச் சொல்றாங்கன்னு தெரியுமா? கீழிருந்து மேல போனா கலசம், தாடி, கும்பம், பாலி, பலகை, போதிகை. பட்டறைப் பெரியவர் சொன்னதும் இதுவும் ஒரே குடும்பம். கும்பம்னா குடம்தானே! அப்போ கடைசல்காரங்க கோவில் தூணைப் பார்த்து மரத்துல கடைஞ்சாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். இங்கதான் ஒரு திருப்பம்.

விழுப்புரம் மாவட்டத்துல மண்டகப்பட்டுன்னு ஒரு ஊர். அங்க 7-ஆம் நூற்றாண்டுல முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைஞ்சு ஒரு கோவில் செஞ்சான். செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுதை இல்லாம இந்தக் கோவிலைச் செஞ்சேன்னு அங்க சமஸ்கிருதத்துல கல்வெட்டே வெச்சிருக்கான். மரம் இல்லாமச் செஞ்சது பெருமைன்னா, அதுக்கு முன்னாடி கோவில்ல மரம் இருந்திருக்கணுமே. மாமல்லபுரம் ரதங்களைப் பாருங்க. திரௌபதி ரதம் அப்படியே கூரைக் குடிசை. அங்கேயே வராகக் குகைத் தூண்ல, கீழ சிங்கம் உட்கார்ந்திருக்கும், மேல குண்டா அமுங்கின குடம். கல்லுல அப்படி வழுவழுன்னு உருண்டையா எடுக்கறது பெரிய பாடு. ஆனா சுத்தற மரத்துல உளியை வெச்சா அதுதான் முதல்ல வர்ற வடிவம். (உங்க கையில சப்பாத்தி உருட்டற கட்டை இருந்தா, அதோட பிடியைப் பாருங்க.)

மகாராஷ்டிராவுல கார்லே பௌத்தக் குகை சுமார் 2000 வருஷப் பழசு. அங்க கல் கூரையில நிஜ மரத்துலயே வளைவுகள் மாட்டியிருக்காங்க, இன்னமும் இருக்கு. தூணோட அடியில கல்குடம். அந்தக் காலத்துல மரத்தூணைக் குடத்துக்குள்ள நிறுத்தின பழக்கத்தோட மிச்சம் அதுன்னு கலை வரலாறு எழுதினவங்க சிலர் சொல்றாங்க. இன்னும் வடக்கே போகாம, 1117-ல ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் கட்டின பேலூர் கோவிலுக்கு வந்தா, மென்மையான மாக்கல் தூண்களை மரம் மாதிரியே சுத்தவிட்டுக் கடைஞ்சிருக்காங்க. ஆக மரத்தைப் பார்த்துக் கல், கல்லைப் பார்த்து மரம். யார் யாரைப் பார்த்தாங்கன்னு கேட்டா, முன்னும் பின்னும் சுத்தற அந்தப் பழைய கடைசல் மாதிரிதான்.

உலோகமும் இந்த ஆட்டத்துல உண்டு. அம்பாசமுத்திரம் மரச்செப்பு எல்லாருக்கும் தெரியும். கொலு சமயத்துல மயிலாப்பூர் மாடவீதியில குவிச்சு வெச்சிருப்பாங்க. 'செப்பு'ன்னா செம்பு, சிமிழ், விளையாட்டுச் சாமான்னு மூணு அர்த்தமும் அகராதியில இருக்கு. அதாவது மரத்துல செஞ்ச பொம்மைக்கு உலோகத்தோட பேர். அதே தாமிரபரணிக் கரையில இருக்கற ஆதிச்சநல்லூர்ல 1899-லேர்ந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வெண்கலப் பாத்திரங்கள் எழும்பூர் மியூசியத்துல இருக்கு. மூடி மேல எருமை, ஆடு, பறவையெல்லாம் நிக்கும். ரெண்டுக்கும் நேரடித் தொடர்புன்னு நான் சொல்லல. ஆனா மூடிக்கு மேல என்ன வைக்கறதுன்னு முழிச்சிட்டு இருக்கற கடைசல்காரன் ஒரு அரைநாள் லீவு போட்டுப் பார்க்க வேண்டிய இடம் அது.

இப்ப துரை விஷயம். நான் முதல்ல காப்பியடிச்ச படங்கள்ல அந்த முறுக்குக் கால் இருந்ததில்லையா? (நம்ம ஊர்ல அதுக்கு முறுக்குன்னுதான் பேர் வைக்கணும்.) ஹோரஸ் வால்போல்னு ஒரு ஆங்கிலேயர். பிரதமரா இருந்த ராபர்ட் வால்போலோட பையன். லண்டன் பக்கத்துல தேம்ஸ் கரையில ஸ்ட்ராபெரி ஹில்னு ஒரு வீட்டைப் பழங்கால பாணியில இழைச்சு இழைச்சுக் கட்டினார். அதுல போட, 1763-ல முறுக்குக் கம்பிகள் வெச்ச கருங்காலி நாற்காலிகளை வாங்கினார். இங்கிலாந்தோட டியூடர் ராஜாக்கள் காலத்துது, 200 வருஷத்துக்கு மேல பழசுன்னு நம்பிட்டார். அவர் நம்பினதால ஊரே நம்பிச்சு. 1836-ல ஹென்றி ஷா போட்ட பழைய மரச்சாமான் புத்தகத்துல கூட அந்த வகை நாற்காலி பழைய ஆங்கில நாற்காலியாத்தான் இடம் பிடிச்சது.

நிஜத்துல அதெல்லாம் 17-ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில சோழமண்டலக் கரையில நம்ம தச்சர்கள் செஞ்சது! கோட்டை கட்ட ஆரம்பிச்சு மெட்ராஸ் அப்பத்தான் ஊராகிட்டு இருந்த காலம்.

இதுல இன்னொரு வேடிக்கை. தேடாமக் கிடைக்கற நல்ல விஷயத்துக்கு 'செரண்டிபிட்டி'ன்னு ஒரு சொல் இருக்கே, அதை 1754-ல ஒரு கடிதத்துல உருவாக்கினவரே இந்த வால்போல்தான். இலங்கையோட பழைய பேரான செரண்டிப்ல இருந்து எடுத்தார். அதுக்கப்புறம் 9 வருஷம் கழிச்சு, நம்ம கரையில செஞ்ச நாற்காலியை வாங்கி, அது எங்க செஞ்சதுன்னே தெரியாம உட்கார்ந்திருக்கார் மனுஷன் :-)

உடனே "பார்த்தீங்களா, எல்லாம் இங்கிருந்துதான் போச்சு"ன்னு ஃபார்வர்டு மெசேஜ் ஆரம்பிச்சுடாதீங்க. அந்த நாற்காலிகள் ஐரோப்பியக் கம்பெனிக்காரங்களுக்காகச் செஞ்சது. சட்டம் அவங்களோடது, நாற்காலி முழுக்கப் படர்ந்திருக்கற பூ வேலை நம்மளோடது. வடிவத்துக்கு பாஸ்போர்ட் கிடையாது. என் பிரச்சினை நான் வெளியூர்ப் படத்தைப் பார்த்தது இல்லை. பேர் தெரியாம, வெறும் அளவை மட்டும் எடுத்துக்கிட்டதுதான்.

மறுபடியும் பட்டறைக்குப் போனேன். பெரியவர் ஒரு வெட்பாலைத் துண்டு கொடுத்தார். சன்னபட்டணா பொம்மைக்குப் போடற அதே வெள்ளை மரம். மணி, வளையம், குடம், கழுத்து, வளையம், மொட்டுன்னு முணுமுணுத்துக்கிட்டே கடைஞ்சேன். குடம் கொஞ்சம் தொந்தி போட்டிருச்சு. "புள்ளைக்கு முதல் வண்டி, குடம் நிறைஞ்சுதான் இருக்கட்டும்"னார். சுத்தற மரத்துல அரக்குக் குச்சியை அழுத்தினதும், உரசற சூட்டுல அரக்கு உருகி சிவப்பாப் படிஞ்சது. மேல தாழை மடலை வெச்சுத் தேய்ச்சதும் முகம் பார்க்கற மாதிரி பளபளப்பு. கெமிக்கல் வாசனையே இல்லை.

கிளம்பும்போது, இந்தப் பேரெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். அப்பா கிட்டன்னார். உங்க பசங்க கத்துக்கிட்டாங்களான்னு கேட்டேன். பெரியவன் கார் ஓட்டறான், சின்னவன் உன்னை மாதிரி கம்ப்யூட்டர்னு சொல்லிட்டு மோட்டாரை அணைச்சார். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வந்து முதல் வேலையா அவர் சொன்ன 23 பேரையும் நோட்டுல எழுதி, பக்கத்துலயே வடிவத்தை வரைஞ்சு வெச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை ஆண்டு நிறைவு. பையன் வண்டியைப் பிடிச்சு எழுந்து நின்னான், நாலு எட்டு வெச்சான், தொப்புன்னு உட்கார்ந்து புதுக் காலோட தொந்திக் குடத்தைக் கடிச்சான். அம்மா எந்தக் கால் புதுசுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா இந்தத் தடவை மெழுகுவத்தின்னு சொல்லல.

உங்க வீட்டுலயும் பழைய தொட்டில், ஊஞ்சல், பல்லாங்குழி, செப்புன்னு ஏதாவது கடைசல் சாமான் இருக்கும். போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி, வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒவ்வொரு வளைவுக்கும் என்ன பேர்னு கேட்டுப் பாருங்க. வந்து சொன்னீங்கன்னா என் நோட்டுல சேர்த்துக்கறேன். 24-ஆவது பக்கம் காலியா இருக்கு.