எண்ண மறந்த கருவி

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர்-1 செயற்கைக்கோளில், அண்டக் கதிர்களை எண்ணும் கைகர் கருவி ஒன்று இருந்தது. மிக உயரத்தில் அது சில வேளைகளில் எதையுமே எண்ணவில்லை. அங்கே கதிர்களே இல்லையா?

மார்ச்சில் சென்ற எக்ஸ்ப்ளோரர்-3இன் பதிவும் அவ்வாறே இருந்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினர் அத்தகைய கருவியை வலிமையான எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தனர். அதுவும் எண்ணாமல் நின்றது! ஆகவே, கதிர்வீச்சு அளவு மீறியதால்தான் கருவி திணறியது. புவியின் காந்தப்புலத்தில் சிக்கிய மின்னூட்டத் துகள்களின் வளையம் இவ்வாறு புலப்பட்டது.

அத்துகள்களுக்கு அத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது? பிளாஸ்மா அலைகள் எலக்ட்ரான்களை வளையத்திற்குள்ளேயே முடுக்குகின்றன என்று, 2012இல் ஏவப்பட்ட வான் ஆலன் இரட்டைக் கலங்கள் காட்டின. ஆயினும் ஒரு காந்தப்புயல் வளையத்தைப் பெருக்குகிறது, மற்றொன்று கரைக்கிறது. எது என்ன செய்யும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இன்றும் இயலவில்லை. செயற்கைக்கோள்களின் ஆயுளோ அதைப் பொறுத்தே இருக்கிறது.