அரசு சம்பளம் வாங்கும் சாமியார்கள்

பிரான்சில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை கிடையாது. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமைக்கு உண்டு. நம் புதுச்சேரியில் இது நேர் எதிர். வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும், திங்களன்று போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

2017 ஏப்ரலில் நானும் மனைவியும் ஸ்த்ராஸ்பூரில் மாமா மகன் வீட்டில் தங்கியிருந்தோம். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு அத்தான், கோயிலுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். அந்த வெள்ளி ஏப்ரல் 14. "தமிழ் வருஷப் பிறப்புக்கா பிரெஞ்சுக்காரன் லீவு விடுறான்?" என்று கேலி செய்தேன். "இது அல்சாஸ், இங்கே சட்டமே வேற" என்றான். முப்பது வருடத்துக்கு மேல் அரசாணைகளோடு குடித்தனம் நடத்தியவனிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? அந்த வாரம் முழுக்க அவனைத் துளைத்துவிட்டேன். திரும்பி வந்த பிறகும் பிரெஞ்சுப் புத்தகங்களை விடவில்லை.

முதலில் கோயிலைப் பற்றி. வோஜ் மலையின் இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய பேராலயம். 1439-இல் முடிந்த ஒற்றைக் கோபுரம், 142 மீட்டர் உயரம். இரண்டாவது கோபுரம் கட்டப்படவே இல்லை. சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்புக்குப் போனோம். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். புதுத் தீயிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி, அதிலிருந்து ஒருவர் கைத்திரியிலிருந்து மற்றவர் கைத்திரிக்கு நெருப்பு போனது. சடங்கில் எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை, நம் ஊரில் சிறு வயது முதல் பார்ப்பதுதான். பாட்டு நம்முடையதுதான் நன்றாக இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இருட்டில் திரி வெளிச்சம் கல் தூண்களில் மெல்ல ஏறியதை மறக்க முடியாது.

அங்கே 1842-இல் ஷ்வில்கே என்பவர் செய்து முடித்த வானியல் கடிகாரம் இருக்கிறது. பகல் பன்னிரண்டரைக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் இயேசு முன் வரிசையாகப் போவார்கள், சேவல் மூன்று முறை கூவும். கூட்டம் அதற்குத்தான். நான் நின்று பார்த்தது அடிப்பகுதியில் உள்ள ஒரு பல்சக்கரத் தொகுதியை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்ற கணக்கை அது தானே போட்டு, ஆண்டு பிறக்கும் நள்ளிரவில் அந்த ஆண்டின் தேதியைக் காட்டிவிடும். கணினி இல்லாத காலத்தில்!

இனி சட்டத்துக்கு வருவோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 1905 டிசம்பர் 9 சட்டம் தெரிந்திருக்கும். குடியரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தராது என்பது அதன் சாரம். ஆனால் அன்று இரவு பூசை வைத்த சாமியார்களுக்கு மாதச் சம்பளம் தருவது பிரெஞ்சு அரசு. லுத்தரன், கால்வினியப் போதகர்களுக்கும் யூத ரபிகளுக்கும் அப்படியே. இஸ்லாம் இந்தப் பட்டியலில் இல்லை, அது இன்றும் விவாதப் பொருள். ஸ்த்ராஸ்பூர் பேராயரையும் மெட்ஸ் ஆயரையும் குடியரசுத் தலைவர் ஆணை போட்டு நியமிக்கிறார். அந்த ஆண்டு பிப்ரவரியில் புதிய பேராயர் நியமிக்கப்பட்டபோது தலைவராக இருந்தவர் சோஷலிஸ்ட் கட்சியின் ஒலாந்த்!

இதன் மூலம் நெப்போலியன். புரட்சியின்போது பேராலயங்கள் 'பகுத்தறிவுக் கோயில்கள்' ஆயின. ஸ்த்ராஸ்பூரில் நூற்றுக்கணக்கான சிலைகளை உடைத்தார்கள். சமத்துவத்துக்கு விரோதமாக உயர்ந்து நிற்கிறது என்று கோபுரத்தையே இடிக்கச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அதன் உச்சியில் தகரத்தில் செய்த பெரிய சிவப்புப் புரட்சிக் குல்லாயை மாட்டி அதைக் காப்பாற்றினார்கள். (குமாஸ்தா மூளை என்றால் இதுதான்.) பிறகு 1801-இல் நெப்போலியன் போப்பாண்டவரோடு ஒப்பந்தம் செய்தார். கோயில்கள் திரும்பக் கிடைத்தன, சாமியார்களுக்கு அரசு சம்பளம் வந்தது. 1802 ஏப்ரல் 18, ஈஸ்டர் ஞாயிறன்று, பாரிஸ் நோத்ர்தாமில் அவர் முன்னிலையில் நன்றிப் பாடலோடு அதைக் கொண்டாடினார்கள். 1905 சட்டம் அந்த ஏற்பாட்டை முடித்து வைத்தது. ஆனால் அல்சாஸ் அப்போது பிரான்சில் இல்லை. 1871-இல் ஜெர்மனி எடுத்துக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளி விடுமுறை 1892-இல் அந்த ஜெர்மன் ஆட்சி போட்ட ஆணை. 1918-இல் ஊர் பிரான்சுக்குத் திரும்பியது, பழைய சட்டங்களோடு. 1924-இல் எரியோ பிரதமரானபோது 1905 சட்டத்தை அங்கேயும் கொண்டுவரப் பார்த்தார். எதிர்ப்புக்குப் பயந்து கைவிட்டார். 2013-இல் அரசியல் சாசன மன்றமும் சாமியார் சம்பளம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதை வேடிக்கையாக மட்டும் பார்க்க எனக்கு முடியவில்லை. 1871-இல் அந்த மக்களிடம் எந்தக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார்கள். பிரான்ஸ் வேண்டுமென்றவர்கள் 1872 அக்டோபர் 1-க்குள் ஊரை விட்டுப் போக வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நமக்கு 1962 ஆகஸ்ட் 16-இல் அதே கேள்வி வந்தது, ஆறு மாத அவகாசம், நாம் 'ஒப்சியோன்' என்று சொன்னது. யாரும் ஊரை விட்டுப் போக வேண்டாம் என்பது மட்டும் நம் பாக்கியம். மாமா இந்தோசீனாவில் சொல்தாவாக இருந்தவர். பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதற்குப் பின் இரண்டு தேசம். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஈஸ்டர் பூசைக்கு அவரவர் தனித்தனியாகப் போனது நினைவிருக்கிறது.

அல்சாஸ்காரர்களுக்கு இது எவ்வளவு கொடுமையாக முடிந்தது என்பதை ஈஸ்டர் திங்களன்று பார்த்தேன். ஹிட்லர் பேராலயத்தை வழிபாட்டுக்கு மூடிவிட்டார். 1942 முதல் அல்சாஸ், மோசெல் இளைஞர்கள் சுமார் 1,30,000 பேரைக் கட்டாயமாக ஜெர்மன் படையில் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, முதல் போரிலேயே, இதே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று செத்திருக்கிறார்கள். அவர்களுக்காக 1936-இல் ரெபுப்ளிக் சதுக்கத்தில் வைத்த சிலையில் ஒரு தாய், இறக்கும் இரண்டு மகன்களை மடியில் தாங்கியிருக்கிறாள். இருவர் உடம்பிலும் சீருடை இல்லை. கீழே 'எங்கள் மரித்தோருக்கு' என்று மட்டும் இருக்கிறது. மற்ற பிரெஞ்சு ஊர்களில் வழக்கமாகச் சேர்க்கும் 'பிரான்சுக்காக' என்ற சொல் இல்லை.

மாமா மகன் அதைத் தினமும் கடந்து போகிறவன். அன்று என்னோடு சற்று நேரம் நின்றான். "அப்பாவை இங்கே கூட்டிட்டு வந்தேன் அத்தான், அத்தையை நினைச்சு அழுதாரு" என்றான். அத்தை என்றது என் அம்மாவை.