ஊர் எது, நாடு எது: 1952 கொழும்புக் கோப்பையும் ‘இந்தியக் குடியிருப்பாளரும்’

1952ஆம் ஆண்டின் முற்பகுதியில் கொழும்பில் நான்கு நாடுகளின் கால்பந்துப் போட்டி ஒன்று நடைபெற்றது. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கும் பங்கேற்ற அப்போட்டி கொழும்புக் கோப்பை என்று அழைக்கப்பட்டது. அவ்வாண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 1953இல் ரங்கூன், 1954இல் கல்கத்தா, 1955இல் டாக்கா என இடம் மாறி நடந்த அடுத்த மூன்று போட்டிகளிலும் இந்தியா தனித்து வென்றது. அத்தோடு போட்டியும் நின்றுபோயிற்று. இந்தியக் கால்பந்தின் வரலாற்றை எழுதுவோர், 1951 ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்கும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கின் நான்காம் இடத்துக்கும் இடைப்பட்ட சிறு நிகழ்வாக இதனை ஓரிரு வரிகளில் கடந்து செல்வர்.

போட்டி நடந்த நகரத்தின் பக்கம் நின்று நோக்கினால் காட்சி வேறாகிறது. அவ்வாண்டில் இலங்கையில் பல இலட்சம் மக்கள், தாம் எந்த நாட்டினர் என்ற கேள்விக்கு அரசு அலுவலகம் ஒன்றின் விடையை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். பன்னாட்டுப் போட்டி என்பது, மைதானத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ‘தன் நாடு’ என ஒன்று உண்டு என்னும் அனுமானத்தின் மேல் நிற்பது. அந்த அனுமானமே வழக்கில் கிடந்த நகரம் 1952இன் கொழும்பு.

நான்கு அணிகளின் பெயர்களையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய மூன்றும் 1937 மார்ச் 31 வரை ஒரே ஆட்சிப் பரப்பு. அதற்கு மறுநாள் பர்மா பிரிந்தது. பத்தாண்டு கழித்துப் பாகிஸ்தான் பிரிந்தது. இலங்கை முன்பே தனிக் குடியேற்ற நாடாக ஆளப்பட்டு வந்ததாயினும், அங்கும் இந்தியாவுக்கும் இடையிலான போக்குவரத்துக்குக் கடவுச்சீட்டு முறை 1949 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தனுஷ்கோடிவரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் கொழும்புவரை இரயில் என்னும் போட்மெயில் பயணம் சீட்டு வாங்கியவர்க்கெல்லாம் திறந்திருந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு மட்டும் மண்டபம் முகாமில் தடுப்புக்காவலும் மருத்துவச் சோதனையும் உண்டு. ஆகவே, 1952இல் மைதானத்தில் எதிரெதிரே நின்ற நாடுகள் பார்வையாளர் பலரின் வயதைவிட இளையவை.

அக்காலக் கொழும்பில் வெளியூரார் வாழ்க்கை ஒருபடித்தானதன்று. செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் செட்டிநாட்டிலிருந்து வந்தவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்புவர். சில காலம் கழித்து மறு கணக்குக்கு வருவர். குடும்பம் காரைக்குடிப் பக்கத்தில், வாழ்வாதாரம் கொழும்பில். ஆடிவேல் விழாவின் வெள்ளித் தேர் ஆண்டுதோறும் அவர்கள் தெருவிலிருந்தே புறப்பட்டது. புறக்கோட்டையின் மெயின் வீதியில் சிந்திகளின் துணிக்கடைகளும், போரா, மேமன் வணிகரின் இறக்குமதிக் கடைகளும் நிறைந்திருந்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளரும் பெரும்பாலும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மலையாளிகள் சிறு கடைகளிலும் ஆலைகளிலும் பணியாற்றினர்; 1930களில் அவர்களுக்கு எதிராகத் தொழிற்சங்க மேடைகளிலேயே கடும் பரப்புரை நடந்தது. இவ்வனைவருக்கும் பொதுவாக இருந்தவை மூன்று: மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் மணியார்டர், பங்கீட்டு அரிசிக்கான புத்தகம், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ‘ஊருக்குப் போய்வருதல்’.

ஐரோப்பியர் வாழ்க்கை இதற்கு அடுத்த அடுக்கு. தோட்டத் துரைமார் மலைநாட்டுக் கிளப்புகளில் ரக்பி ஆடினர். பணிக்காலம் முடிந்ததும் தாய்நாட்டுக்கு மீள்வது அவர்களுக்கு உறுதியானது. அவர்களின் கடவுச்சீட்டு ஒருநாளும் ஐயத்துக்குள்ளானதில்லை. தற்காலிகமாக வந்து தங்கி, பொருளீட்டித் திரும்பும் வாழ்க்கை என்ற அளவில் துரையும் கிட்டங்கியின் மேலாளும் ஒரே வகையினர். ஆயினும் ஒருவர் ஆவணங்களில் அலுவல் நிமித்தம் வந்தவர், மற்றவர் ‘குடியேறி’. கால்பந்து துரைமாரின் கிளப்புகளைவிட நகரத்து எளிய மக்களிடமே வேரூன்றியது. கொம்பனித்தெருவின் மலாய்க் குடும்பங்கள் வாழ்ந்த சந்துகளிலிருந்து எழுந்த ஜாவா லேன் கழகம் இன்றும் அதற்குச் சான்று. விளையாட்டின் பெயரிலும் கரை வேறுபாடு உண்டு: தமிழகத்தார் கால்பந்து என்பதை ஈழத்தார் உதைபந்தாட்டம் என்பர்.

இனிச் சட்டத்துக்கு வரலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பிறப்பிடத்தைவிட வம்சாவளியை முதன்மைப்படுத்தியது. இலங்கையில் பிறந்தவரும் தம் தந்தையோ தந்தைவழி முன்னோரோ அங்குப் பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டத்து லயங்களில் இது பெரும்பாலோரால் இயலாத செயல். அவர்களுக்கென மறு ஆண்டு வந்தது இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் குடியுரிமைச் சட்டம். 1946 சனவரி 1க்கு முன் மணமானவராயின் ஏழாண்டு, மணமாகாதவராயின் பத்தாண்டு இடையறாத குடியிருப்பு, போதிய வருமானம் முதலியவற்றை அது கோரியது. மனைவி மக்களின் தொடர் குடியிருப்பும் கணக்கில் கொள்ளப்பட்டது. விண்ணப்பிக்க இரண்டாண்டுக் கெடு. அது 1951 ஆகஸ்டு 5 அன்று முடிந்தது.

இச்சட்டத்தின் சொல்லமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. தலைப்பில் இந்தியரும் பாகிஸ்தானியரும் இருவேறு மக்களாக நிற்கின்றனர். உள்ளே சென்றால் வரையறை ஒன்றே: 1947 விடுதலைச் சட்டத்துக்கு முற்பட்ட பிரித்தானிய இந்தியாவிலோ இந்தியச் சமஸ்தானங்களிலோ வேர் கொண்டவர். மைதானத்தில் இரு கொடிகளாகப் பிரிந்து நின்றவர்கள் கொழும்பு அலுவலகக் கோப்பில் இன்னும் ஒரே நாட்டினர். அவ்வாண்டுக் கோப்பையும் அவர்கள் இருவருக்கும் பொதுவாகப் போனது தற்செயலே. எனினும் காலத்துக்குப் பொருத்தமான தற்செயல்.

‘இடையறாத குடியிருப்பு’ என்ற தொடரே சிக்கலின் கரு. போய்வருதல் அயலூர் வாழ்க்கையின் இயல்பு. தாயின் ஈமக்கடனுக்கு, தங்கையின் திருமணத்துக்கு, மனைவியின் பேறுகாலத்துக்கு, குலதெய்வத்தின் கொடைக்கு என்று ஊர் அழைத்துக்கொண்டே இருக்கும். தமிழில் ‘ஊர்’ என்னும் சொல் முகவரியைக் குறிப்பதோடு நிற்பதில்லை. உறவையும் கடமையையும் சேர்த்தே குறிக்கும். மூன்றாம் தலைமுறையாக ஹட்டனில் கொழுந்து பறித்தவரும் இராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றைத் தம் ஊர் என்று சொல்ல முடிந்தது. அதனால் அவர் இலங்கையைத் தம் வாழ்விடமாகக் கருதவில்லை என்று எந்தத் தமிழரும் பொருள்கொள்ளமாட்டார். சட்டமோ ‘ஊர்’ என்ற விடையை ‘நாடு’ என்று மொழிபெயர்த்துக்கொண்டது. ஊருக்குப் போனதும் பணம் அனுப்பியதும் மனைவியை ஊரில் விட்டு வைத்ததும் பற்றின் சான்றுகளாக மாறி, விண்ணப்பதாரருக்கே எதிராக நின்றன. நீண்ட நாள் ஊரில் தங்கியவரின் குடியிருப்பு அறுந்தது. செக்ரோல், பள்ளிப் பதிவேடு, பங்கீட்டுப் புத்தகம், வாடகைச் சீட்டு ஆகியவை அன்றாடத் தாள்கள் என்ற நிலையிலிருந்து வாழ்க்கையின் ஆதாரங்கள் என்ற நிலைக்கு உயர்ந்தன.

இதன் அளவு பெரிது. 1946 கணக்கெடுப்பின்படி இலங்கையில் ‘இந்தியத் தமிழர்’ எனப் பதியப்பட்டோர் சுமார் 7,80,000. மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ 11.7 விழுக்காடு. கெடு முடியுமுன் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் வந்தன. அவை உள்ளடக்கிய ஆட்கள் ஏறத்தாழ 8,25,000 பேர். பத்தாண்டுக்கு மேல் இழுத்த பரிசீலனையின் முடிவில் குடியுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. கொழும்புக் கோப்பையின் ஆட்டங்கள் நடந்தபோது அந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை தீர்வின்றி அடுக்கில் கிடந்தன.

இந்தியாவின் பக்கத்துக் கதவும் அகலத் திறந்திருக்கவில்லை. அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, அயல்நாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை பெற வழிசெய்தது. ஆனால் பதிவு செய்வது இலங்கை விண்ணப்பத்தைத் தாமே கைவிடுவதற்கு ஒப்பாகும். பதியாமலிருப்பவரோ விண்ணப்பம் தள்ளுபடியானால் இரு நாட்டுக்கும் அந்நியர். ‘நாடற்றவர்’ என்ற சொல் தமிழ் இதழ்களில் வேரூன்றியது இந்தச் சூழலில்தான். அதற்கு முன்னரே ‘வடக்கத்தியான்’, ‘கள்ளத்தோணி’ என்னும் சொற்கள் வாய்வழக்கில் இருந்தன. முதற்சொல் திசையைச் சுட்டி இழித்தது. இரண்டாவது, சீட்டு வாங்கிக் கப்பலில் முறையாக வந்தவரின் பேரப்பிள்ளையையும் களவாக வந்திறங்கியவர் ஆக்கியது.

1949ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் குடியுரிமை இல்லாதோரின் வாக்கையும் பறித்தது. 1947இல் மலைநாட்டுத் தொகுதிகளில் வென்று நாடாளுமன்றம் சென்றிருந்த இலங்கை இந்தியக் காங்கிரசால் 1952 மே மாதத் தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. அதற்கு முந்தைய மாதமே சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையில் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தது; பிரதமர் அலுவலக வாயிலில் அமர்ந்து, ஏறத்தாழ 140 நாள் அது நீடித்தது. கால்பந்துப் போட்டி, வாக்கற்ற தேர்தல், அறப்போராட்டம் ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே நகரத்தில் நிகழ்ந்தவை. முதலாவதைக் குறித்த விளையாட்டு வரலாறும் மற்ற இரண்டைக் குறித்த அரசியல் வரலாறும் ஒன்றையொன்று அறியாமலே எழுதப்பட்டு வருகின்றன.

இவ்விடத்தில் கால்பந்து உலகத்திலிருந்தே ஓர் எதிர்ச்சான்றைக் காட்டலாம். 1920இல் கல்கத்தாவில் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம், கிழக்கு வங்கத்திலிருந்து வந்து அந்நகரில் வாழ்ந்தோரின் ஊர்ப்பற்றால் பெயர் பெற்றது. 1947இல் அந்த ஊர் அயல்நாடாயிற்று. கழகத்தின் பெயர் மாறவில்லை. 1949 முதல் 1953 வரை அதன் முன்வரிசையில் ஆடிப் ‘பஞ்ச பாண்டவர்’ எனப் புகழ்பெற்ற வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னிந்தியர். ஒருவர்கூடக் கிழக்கு வங்கத்தார் அல்லர். பாகிஸ்தான் நாட்டணிக்கு ஆடிய மசூத் ஃபக்ரியும் 1950களில் அதே கழகத்தின் சட்டையை அணிந்தார். அதாவது கழக ஆட்டம் ‘ஊர்’ என்னும் சொல்லின் தளர்ச்சியை ஏற்றுக்கொண்டது: பிறந்த ஊர் ஒன்று, பிழைக்கும் ஊர் ஒன்று, கழகத்தின் பெயரிலுள்ள ஊர் மற்றொன்று. மூன்றும் ஒருவரிடத்தில் பகையின்றிக் குடியிருந்தன. நாட்டணிகளின் ஆட்டத்துக்கு அத்தளர்ச்சி கிடையாது. குடியுரிமைச் சட்டத்துக்கும் கிடையாது.

ஆயினும் நாட்டணிகளின் ஆட்டத்திலும் பார்வையாளருக்கு ஓர் உரிமை எஞ்சியிருந்தது. மைதானத்தின் வாயிலில் கேட்கப்பட்டது நுழைவுச்சீட்டு மட்டுமே. இந்தியா கோலடித்தாலும் இலங்கை கோலடித்தாலும் கைதட்டிவிட்டு ஒருவர் வீடு திரும்பலாம். அதற்காக அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியாகாது. இரண்டு இடங்களின்மேல் ஒரே வேளையில் பற்றுக்கொள்வது மனித இயல்பு என்பதை விளையாட்டு ஒப்புக்கொண்ட அளவுக்கு, அதே நகரத்தின் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை அறியப்பட்டவை. 1954 சனவரியில் நேரு–கொத்தலாவல உடன்பாடு வந்தது, தீர்வு வரவில்லை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்ப் பேசுவதற்கென ஒத்திவைக்கப்பட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் முன்கூட்டிக் கருத்துக் கேட்கப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையும் அங்குச் சென்ற இருப்புப்பாதையையும் அழித்தது. கொழும்புக் கோப்பையின் கடைசிப் போட்டியை நடத்திய டாக்கா 1971இல் வேறொரு நாட்டின் தலைநகராயிற்று. நான்கு அணிகளின் பெயர்களும்கூட நிலைத்தவையல்ல: சிலோன் 1972இல் ஸ்ரீலங்கா ஆனது, பர்மா 1989இல் மியன்மர் ஆனது.

குடியேற்ற வரலாற்றை ஆய்வோர் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் முதன்மைச் சான்றாகக் கொள்வது இயல்பே. அவற்றோடு சொற்களையும் சான்றாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதைக் கொழும்பின் 1952ஆம் ஆண்டு உணர்த்துகிறது. ‘உங்களுக்கு எந்த ஊர்?’ என்பது தமிழர் இருவர் முதன்முதல் சந்திக்கும்போது நட்புக்காகக் கேட்கும் கேள்வி. அதற்கு இரண்டு ஊர்ப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லலாம். கேட்டவர் குறையாக எண்ணமாட்டார். அதே கேள்வி அலுவலக மேசைக்கு அப்பாலிருந்து வந்தபோது, இரண்டு பெயர் சொன்னவர்க்கு ஒன்றும் இல்லாமற்போயிற்று.