ஹோமர், வின்ஸ்லோ (1836–1910)

பாஸ்டனில் பிறந்த அமெரிக்க ஓவியர். 1873 கோடையில் மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்தில் நீர்வண்ணத்தை முழுமூச்சாகக் கைக்கொண்டார். அக்கலைக்கு அவருடைய அச்சுத்தொழில் பயிற்சியே அடித்தளம் எனலாம். இளமையில் கல்லச்சுக்கூடத்தில் தொழில் பழகியவர். பின்னர் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழின் மரச்செதுக்குப் படங்களுக்கு வரைந்தவர். அச்சில் மை படாத தாளே வெளிச்சம். நீர்வண்ணத்திலும் அவர் வெறுந்தாளையே ஒளியாக விட்டுவைத்தார். அடிராண்டாக் மலைப்பகுதி மீன்பிடிக் காட்சிகளில், காய்ந்த வண்ணத்தைக் கத்திமுனையால் கீறித் தூண்டில் நரம்பை வெள்ளைக் கோடாக எடுத்தார்.

தாய் ஹென்றியேட்டா நீர்வண்ண ஓவியர் என்பதால் கலை தாய்வழி வந்தது என்பர். நாட்டம் அப்படி வந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. கீறும் உத்தியும் ஆங்கிலேய ஓவியர்களிடம் முன்பே இருந்ததுதான். ஆனால், காட்சியை இருளும் ஒளியுமான அகன்ற பரப்புகளாகப் பிரித்துவிடும் துணிவு, இதழ்ப்படம் வரைந்து பழகிய கைக்கே உரியது. பஹாமாஸ் ஓவியங்களின் கண்கூசும் வெயில் இதற்குச் சான்று.