கொழுந்தெடுக்கும் தாயின் அடுப்பு

உடலுக்கு உகந்த உணவு எது என்று கேட்போருக்கு வைத்தியர்கள் விடை கூறத் தயங்குவதில்லை. கீரையும் பருப்பும் உண்க, பாலும் முட்டையும் சேர்க்க, வேளை தவறாது உண்க என்பர். இவ்வறிவுரைகள் யாவும் ஒரு முற்கோளின் மீது நிற்கின்றன. உண்பவர் தம் உணவைத் தாமே தெரிந்து கொள்ளக் கூடியவர், அதனை ஆக்கி உண்ண அவருக்கு நேரமும் உண்டு என்பதே அம்முற்கோள். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளிலே, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிவரும் தாயின் திறத்தில் அம்முற்கோள் எவ்வளவு பொருந்தியது என்பதை அவள் அடுப்பின் வரலாறே காட்டும். அவ்வரலாறு ஒரே ஏட்டில் எழுதப்பட்டதன்று. சட்டப் பிரிவுகளிலும் கூலிக் கணக்குகளிலும் வைத்திய அறிக்கைகளிலும் அது சிதறிக் கிடக்கின்றது.

மலைநாட்டுத் தோட்டங்கள் முதலிற் கோப்பித் தோட்டங்களாகவே இருந்தன. கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆடவர் பெருந்தொகையாக வந்து, பருவம் முடிந்ததும் திரும்பினர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியின் இலையிற் கண்ட ஒருவகைப் பூஞ்சண நோய் பின்வந்த ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தபோது வேலையின் தன்மையும் மாறிற்று. தேயிலைக்குப் பருவமென்று ஒன்றில்லை. ஏழு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு முறை அதே செடியில் மீண்டும் கொழுந்து எடுத்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் வேலை. அவ்வேலைக்குப் பெண்களின் விரல்களே வேண்டப்பட்டன. ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் வரலாயினர். லயங்கள் நிலையான வீடுகளாயின. லயத்துக் காம்பராவின் வாயிலில் அடுப்பு நிலைத்ததும் அப்போதுதான்.

அவர்கள் வந்த திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலே ஏழை மக்களின் அன்றாட உணவு கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு ஆகியனவே. நெற்சோறு பண்டிகை நாளைக்கு உரியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் அக்கூழும் கிடைக்காமற் போகவே, கடல் கடந்தோர் பலர். தோட்டத்திலோ அரிசி கிடைத்தது. பண்டிகைச் சோறு நாள்தோறும் கிடைப்பது பாக்கியம் என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆயினும் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் மிகுந்த கேழ்வரகும் கம்பும் அவர்தம் கலத்திலிருந்து மறைந்தன. அவற்றின் இடத்தை அரிசி ஒன்றே பிடித்துக்கொண்டது.

அந்த அரிசியும் மலையில் விளைந்ததன்று. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தது. புகையிரதப் பாதை 1867இல் கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் அட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறிற்று. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. அரிசி மூட்டைகள் மேலே ஏறின. தோட்ட நிர்வாகமே அரிசியை வாங்கித் தொழிலாளருக்கு அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. மாத முடிவிற் கையில் வரும் காசு அற்பமே. உப்பு, மிளகாய், கருவாடு, தேங்காய் ஆகியவற்றைக் கடையிற் கடனுக்கு வாங்குவதே வழக்கமாயிற்று. இன்னது உண்பது என்று முடிவு செய்தவை தோட்டத்துப் பண்டசாலையும் கடைக்காரரின் கடன் கொப்பியுமே.

இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. தமிழ்த் தொழிலாளர் பெரிதும் விரும்பியது புழுங்கலரிசியையே. மலாய் நாட்டிலும் அவ்வாறே. அங்கே பிராடன் என்னும் வைத்தியர், பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிவதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர் அந்நோய்க்குத் தப்புவதையும் கண்டு 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் செய்த ஆய்வுகளும் அதனை உறுதி செய்தன. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதே காரணம். அக்காலத்து வைத்திய உலகம் அறியாத ஒன்றைத் தமிழ்ப் பெண்ணின் நெல் அவிக்கும் பானை செய்துகொண்டிருந்தது. மரபு வழி வந்த உணவறிவு எத்துணை மதிப்புடையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் அரிசி மட்டுமே உணவாகும்போது புழுக்கலும் ஓரளவே காக்கும்.

கொழுந்தெடுப்பவளின் ஒரு நாளைப் பார்ப்போம். பொழுது புலருமுன் தப்பொலி கேட்கும். அதற்கும் முன்னே அவள் எழுந்திருப்பாள். ஈர விறகு புகையும் அடுப்பில் சாயத்தண்ணி கொதிக்கும். பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் உணவு செய்து, மதியத்துக்கும் எடுத்து வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் ஒப்படைத்து, பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய வேலை இல்லை என்று திருப்பி அனுப்பும் கங்காணிமாரும் இருந்தனர். இத்தனைக்கும் நடுவில் அவள் உண்டது என்ன? பெரும்பாலும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. இருந்தால் முதல் நாளிரவு எஞ்சியதில் ஒரு பிடி. பின்னர் கூடையைத் தலையில் மாட்டி, இடுப்பிற் படங்கைக் கட்டி, சரிவான மலையில் மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து கிள்ளுவாள். நாளில் இரண்டு மூன்று முறை கொழுந்து நிறுப்பர். மதிய இடைவேளையில் லயத்துக்கு ஓடிக் குழந்தைக்குப் பால் கொடுத்து, எதையோ வாயிலிட்டு மீண்டும் மலைக்கு ஏறுவாள். மாலை நிறுவை முடிந்து அவள் வீடு திரும்பும் வேளையில், கவ்வாத்து வெட்டும் ஆடவர் தம் பங்கு வேலையை முடித்து வந்து பல மணி நேரம் கழிந்திருக்கும். ஆயினும் அடுப்பு அவளுக்காகவே காத்திருக்கும். விறகும் தண்ணீரும் அவளுக்காகவே காத்திருக்கும். ஆக்கியதைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறி, சட்டியின் அடியில் எஞ்சியதைத் தான் உண்பாள். இதனைத் தியாகம் என்று புகழ்ந்து பாடுவோர் உளர். புகழ்ச்சியால் இரத்தம் ஊறுவதில்லை.

கூலி பற்றிய சட்டமும் அவளைக் குறைத்தே மதித்தது. 1927ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்களுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. தேயிலை வருமானத்தின் பெரும் பகுதி பெண்களின் விரல் வழியே வந்தபோதிலும், ஆண் பெண் இருபாலார்க்கும் சம கூலி என்பது 1984இலேதான் நடைமுறைக்கு வந்தது. அக்கூலியும் அவள் கைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. சம்பள நாளன்று அவள் மலையில் நிற்க, அவள் சம்பளத்தையும் சேர்த்துத் தகப்பனோ கணவனோ பெற்றுக்கொள்வது பல தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். வழியில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் இருந்தன. காசைக் கையில் வைத்திருப்பவன் ஒருவன், அடுப்பை மூட்டுபவள் வேறொருத்தி என்றிருக்கையில் சத்துணவைத் தெரிந்தெடுப்பது யார்?

உணவின் குறையோடு நோயும் சேர்ந்துகொண்டது. மலசலகூடங்கள் அருகியிருந்த லயப் புறங்களிலே வெறுங்காலோடு நடப்போரின் பாதத்தின் வழியாகக் கொக்கிப் புழு உடலுட் புகுந்து, குடலிற் கடித்துத் தொங்கி இரத்தத்தை உறிஞ்சியது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப் புழு ஒழிப்பு வேலை தொடங்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரிற் பெரும்பாலோர் வயிற்றில் அப்புழு காணப்பட்டது. புழு உறிஞ்சிய இரத்தத்தைத் திரும்ப ஊற வைக்க இரும்புச் சத்து வேண்டும். அவள் உண்ட சிறிதளவு கீரையிலும் பருப்பிலும் இருந்த இரும்பையோ, உணவோடு குடித்த சாயத்தண்ணி உடலிற் சேரவொட்டாது தடுத்தது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளுக்கு அக்குணம் உண்டென்பது பிற்கால ஆராய்ச்சி கண்ட உண்மை. பசியையும் குளிரையும் மறக்க அவள் குடித்தது அவள் கை கிள்ளிய இலையின் சாறே.

கருவுற்ற பெண்ணின் நிலை அரசாங்கத்தின் கண்ணில் ஓரளவு பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தோட்டத்தில் குழந்தை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் கொடுக்க வேண்டுமென்றும், வைத்தியரின் அத்தாட்சியின்றி அக்காலத்தில் அவளை வேலைக்கு விடலாகாதென்றும் விதித்தது. 1939இல் வந்த பேற்றுநலச் சட்டம் பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் கொடுப்பனவுக்கு உரிமையளித்தது. தோட்டங்கள் பிரசவ விடுதியும் மருத்துவமாதுவும் உணவும் கொடுத்து அதன் ஒரு பகுதியை ஈடு செய்யவும் அச்சட்டம் இடங்கொடுத்தது. வீட்டிலே கிழவிகள் காயம் அரைத்துக் கொடுத்தனர், பூண்டும் கருவாடுமாகப் பத்தியச் சோறு ஆக்கினர். சட்டம் கொடுத்ததும் கிழவி கொடுத்ததும் சேர்ந்து சில வாரங்கள் அவளைத் தேற்றின. பின்னர் மீண்டும் கூடை.

இக்குறைகளைப் பெண்களின் முன்னிலையில் எடுத்துச் சொன்னவர்களுள் மீனாட்சி அம்மையாரை மறக்கலாகாது. அவருடைய கணவர் கோ. நடேசையர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அட்டனில் அமைத்தபோது, அம்மையார் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரின் துயரைப் பாட்டாகவே பாடினார். 1940இல் அப்பாடல்கள் சிறு நூலாகவும் வெளிவந்தன. எழுத்தறியாப் பெண்களுக்குப் பாட்டு எட்டியதுபோல வேறெதுவும் எட்டியிராது.

இரண்டாம் உலக யுத்தம் அடுப்பையே மாற்றிவிட்டது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது இலங்கைக்கு வந்த அரிசியின் பெரும் பகுதி நின்றுபோயிற்று. பங்கீடு வந்தது. கூப்பன் வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. முதலில் மக்கள் முகஞ்சுளித்தனர். ஆனால் மாவுக்கு ஒரு சிறப்பு இருந்தது. அதனைப் பிசைந்து தட்டிச் சுட்டால் ரொட்டி. ஒரு சம்பல் அரைத்தாற் போதும். குழம்பு வேண்டியதில்லை. மடியில் முடிந்துகொண்டு மலைக்கும் போகலாம். விடியுமுன் ஓடும் தாய்க்கு நேரம் மிச்சம். யுத்தம் முடிந்தது. சீனாவோடு 1952இல் செய்த ஒப்பந்தத்தின்படி இறப்பருக்கு ஈடாக அரிசியும் வந்தது. ஆயினும் ரொட்டி மலையை விட்டு இறங்கவில்லை. சத்துக் குறைந்த வெள்ளை மாவை ஏன் உண்கிறீர்கள் என்று தாய்மாரைக் கடிந்துரைப்போர், அந்த ரொட்டி எத்தனை நிமிடத்தில் வேகும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காய்கறிக்குப் பஞ்சமான மலையா அது? 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கில நாட்டு விவசாய முறையைத் தொடங்கிய காலந்தொட்டு, லீக்ஸ், கோவா, கரட், பீட்ரூட் என்று குளிர்நாட்டு மரக்கறிகள் அங்கே செழித்தன. அவை மூட்டை மூட்டையாகக் கொழும்புக்கு இறங்கின. லயத்துப் பெண் தன் வாசலோரத்துத் துண்டு நிலத்திலே கீரையும் சௌசௌக் கொடியும் வளர்த்தாள். சிலர் ஒரு மாடும் வைத்திருந்தனர். நிலம் தோட்டத்துக்கு உரியது. துரையின் மனம்போல் அந்தத் துண்டும் போகலாம். பாலும் மரக்கறியும் கடனைத் தீர்க்க விற்கப்படுவதும் உண்டு.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவரின் வயிறு ஆள்வோர் காதுக்கு எட்டுவது அரிது. கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. அக்டோபரிற் பிரதமரே பதவி விலகினார். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறி, பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அப்போது எந்தப் பிரதமரும் பதவி விலகவில்லை. கிராமத்தவர்க்குக் கொல்லையில் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் இருந்தன. தோட்டத்தவர்க்குக் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையே இருந்தது. தோட்டங்களில் மரண வீதம் 1974இல் திடீரென ஏறிற்று. சிசு மரணம் நாட்டின் சராசரியை விட இரு மடங்குக்கும் மேலாயிற்று. பல குடும்பங்கள், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போவதைத் தள்ளிப்போட்டு வந்தவை, அந்தப் பசியினாலேயே கப்பலேறின.

1973இல் திரிபோஷ என்னும் சத்துமா தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கப்படலாயிற்று. கருவுற்றவளுக்கென்று கொடுத்த பொதி வீட்டிலுள்ளோர் எல்லார்க்கும் பங்காயிற்று என்பதை மருத்துவமாதர் அறிவர். பசித்த பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கத் தாயால் தனியே உண்ண முடியுமா? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்கு மாற்றப்பட்ட பின்னர், பிள்ளைக் காம்பராக்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர் மாறின. பல இடங்களில் சுவரும் கூரையும் திருந்தின. சிசு மரணம் வெகுவாகக் குறைந்தது. குழந்தையின் வளர்ச்சியோ அவ்வளவு திருந்தவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டங்களிலோ ஏறத்தாழ முப்பத்திரண்டு பேர்.

2021இல் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததால் கொழுந்து குறைந்தது. நிறுவையில் இத்தனை கிலோ காட்டாதவளுக்கு முழுக் கூலி இல்லை என்பது தோட்டத்து வழக்கம். 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறிற்று. எண்பது ஆண்டுகளுக்கு முன் அரிசியின் இடத்தைப் பிடித்த ரொட்டியே இப்போது எட்டாத பொருளாயிற்று. வேளைகள் குறைந்தன. விடியுமுன் எழுந்து சாயத்தண்ணி கொதிக்க வைத்த தாய், பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.