மதுரையில் கலைக்குப் படியளந்தவர்கள்



அழகுக்கலைகள் ஐந்து என்று வகுத்து எழுதினார் மயிலை சீனி. வேங்கடசாமி: கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, காவியம். ஆடலும் நாடகமும் இவற்றின் உடன்பிறப்புகள். இவற்றைக் காண நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. டவுன் பஸ் போதும். வணிகவியல் படித்தவன் என்பதால், எந்தக் கலையைப் பார்த்தாலும் எனக்கு ஒரு கேள்வி எழும்: இதற்குப் பணம் கொடுத்தது யார்?

கல்லுக்குக் கொடுத்தவர் அரசர். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே வசந்த விழாவுக்காகப் புது மண்டபம் கட்டினார். நாயக்க மன்னர்களே அங்கு தூண்களில் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள். ஆனால் நம்மில் பலர் அந்த மண்டபத்துக்குப் போனது பாவாடை தைக்கவும் பாடப்புத்தகம் வாங்கவும்தான். கடைச்சரக்குக்குப் பின்னால் இருந்த சிற்பங்களை ஏறிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஓவியம் பார்க்க வேண்டுமா? அழகர்கோவில் வசந்த மண்டபத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். விதானத்தில் இராமாயணக் காட்சிகள் இருக்கின்றன.

அரசர் போன பிறகு இசையையும் நாடகத்தையும் தாங்கியவர்கள் டிக்கெட் வாங்கிய சாதாரண ஜனங்கள். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் பெரும் பெயர் எடுத்த டி.கே.எஸ். சகோதரர்கள் அதில்தான் பயின்றார்கள். சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இன்றும் சுற்றுவட்டாரக் கிராமத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் எல்லோருக்கும் சம்பளம் கொடுப்பது, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊரார் போடும் வரி.

மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் வீடு இருந்தது. அவர் மகள்தான் 1916-இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி. கச்சேரி மேடை, இசைத்தட்டு, சினிமா வழியாக அந்தக் குரல் வீடுதோறும் போனது. 1998-இல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக்கலைஞர் அவரே.

ஆகக் கணக்கு இதுதான்: முதலில் அரசர், பிறகு ஊர், பிறகு ரசிகர். இப்போது அந்த இடத்தில் இருப்பவர்கள் நாம்.

திருப்பரங்குன்றம் பக்கத்தில் உள்ள விளாச்சேரியை எட்டிப் பாருங்கள். களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. அச்சில் எடுத்து, உலர்த்தி, வண்ணம் பூசி, கடைசியில் கண் திறக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டால் மண் உலராது, வேலை நின்றுவிடும். பிழைப்புக்குப் போதவில்லை என்றால் அடுத்த தலைமுறை வேறு வேலை தேடிப் போகும். அந்தக் கைப்பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் திரும்பி வராது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையும் இருக்காது.

வரும் நவராத்திரிக்கு ஆளுக்கு ஒரு பொம்மையாவது அங்கே நேரில் போய் வாங்குவோம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்; பொம்மைக்குக் கண் திறப்பதை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பேரம் மட்டும் வேண்டாம்.